கொருக்குப்பேட்டை கேட்

ஓவர்லாக் மிஷின் என்று வந்த பெட்டியில்
மூணு செங்கல்.
எடையை மட்டும் நேர்மையாகப் பார்த்து வைத்திருந்தான்,
ஆடாமல் இருக்கப் பழைய நைட்டி ஒன்றைத் திணித்து.

ஆறாயிரத்து நானூறு.
ஜீபேயில் போட்டதும்
‘நன்றி அக்கா’ என்று
கைகூப்பும் பொம்மை அனுப்பினவன்.
பேர் ஜெரால்டு டிரேடர்ஸ். ஊர் கோயம்புத்தூர்.
படத்தில் மொட்டையடித்த குழந்தை,
காதில் புதுக் கம்மல்.

ஸ்டேஷனில் பதினாலு இலக்கத்தில் ஒரு நம்பர் தந்தார்கள்.
கம்பெனிக் குரல் என்னை
‘மிஸ்டர் ரெஜினா’ என்றது.

நாற்பது நாள் கூப்பிட்டேன்,
தங்கச்சி நம்பரில், டீக்கடை நம்பரில்.
திட்ட வேண்டியதையெல்லாம்
காஜா எடுக்கும்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டு.

நேற்று எடுத்தான்.
“யாரு?”
நான் வாய் திறக்குமுன்
அவன் பக்கம் ரயில்வே கேட் மணி அடித்தது.
என் ஜன்னலிலும்.
ஒரே கூட்ஸ், ஒரே ஊளை,
ஒரு காதில் முந்தி, மறு காதில் அரை நொடி பிந்தி.

லைனைத் துண்டிக்காமல் செருப்பை மாட்டினேன்.
கட்டைப்பையில் ஒரு செங்கல்.

டேங்கர் வேகன்கள் எண்ணெய் நாற்றத்தோடு
ஆடி ஆடிப் போயின.
இடுக்கில் தெரிந்தது அந்தப் பக்கம்:
பைக்குகள், மீன்கூடை, ஸ்கூல் யூனிபார்ம்,
பாதிப்பேர் காதில் போன்.

“ஹலோ, யாரும்மா?”
குரலில் அவசரமே இல்லை.
பக்கத்தில் ஒரு குழந்தை
பஞ்சுமிட்டாய்க்கு அழுதது.

மனப்பாடம் பண்ணினது
ஒன்றும் வரவில்லை.

கேட் ஏறியது.
எல்லோரும் மொத்தமாக என் பக்கம் வந்தார்கள்.

“ஒரு ரிட்டர்ன் குடுக்கணும் தம்பி” என்றேன்,
போனுக்குள்தான், கொஞ்சம் சத்தமாக.

மூணு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.