ஆறு சால்

ஹிங்கோலியில் இது ஐந்தாம் நாள் மழை.
வானிலை அறிக்கையில் ‘பரவலாக’ என்று வந்த சொல்
என் சோயாவின் முட்டிவரை நிற்கிறது.

இலை உதிர்ந்து பழுத்த செடி.
வியாழக்கிழமை அறுக்க ஆள் சொல்லியிருந்தேன்.
ஒரு காயைப் பிதுக்கினால்
உள்ளே பருப்பு உப்பி, வெள்ளையாக மூக்கை நீட்டுகிறது,
பஸ் நிற்பதற்குள் இறங்கத் துடிக்கிறவனைப் போல.

புணேயிலிருந்து போன் வந்தது.
அங்கே ஒரு கட்டட வாசலில் காவல் இருக்கிறவர்,
என் வீட்டுக்காரர், சொன்னார்:
‘தண்ணியை வெட்டி விடு.’
எங்கே என்று சொல்லவில்லை.
சிக்னலும் அதற்குள் போய்விட்டது.

எங்கே என்பது எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
தெற்கு வரப்பில் ஒரு மண்வெட்டி ஆழம் போதும்,
என் நாலு ஏக்கரும் விடிவதற்குள் மூச்சு விடும்.
வரப்புக்குக் கீழே நிவ்ருத்திராவின் மஞ்சள்.
மேட்டுப்பாத்தி, சொட்டுநீர்க் குழாய், கடன்.
கிழங்கு பிடிக்கிற மாதம்.
தண்ணீர் தேங்கினால் அழுகல் அடியிலிருந்து வரும்,
இலை மஞ்சளாகும்போது
மஞ்சள் இருக்காது.

இரவு பதினொன்றுக்குப் போனேன்.
கரிசல் காலைப் பிடித்து ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்டது.
செருப்பை ஒரு குழியில் விட்டேன்,
இன்னொன்றை நானே வீசினேன்.

வரப்பு ஏற்கெனவே உடைந்திருந்தது.
கை நுழையும் அளவு. நண்டு வளை.
அதற்கு அந்தப் பக்கம் அவர்,
தலையில் உரச்சாக்கு, கையில் டார்ச்.
வெளிச்சம் முதலில் என் மண்வெட்டியில் விழுந்தது,
பிறகு முகத்தில்.

‘நண்டு’ என்றேன்.
‘ஆமாம்,’ என்றார், ‘ரெண்டு கால் நண்டு.’

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.
எனக்கு அது நன்றாக வரும்.
அவர் வளைக்கு முன்னால் உட்கார்ந்து
சாக்கை உருவிச் சுருட்டி அடைக்கப் பார்த்தார்.
சாக்கு போய்விட்டது.
இன்னொரு முறை, வெறும் உள்ளங்கையை வைத்தார்.

உண்மையில் நான் அதற்குத்தான் வந்திருந்தேன்.
நண்டு எனக்கு முந்திவிட்டது, அவ்வளவுதான்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
இன்றுவரை.

சேற்றை அள்ளி வளையை மிதித்து மூடினேன்.
பிறகு என் பக்கமே, வரப்பை ஒட்டி,
கிழக்கே ஓடைவரை வெட்டத் தொடங்கினேன்.
ஆறு சால் சோயா போகும்.
ஒரு சாலுக்கு எத்தனை கிலோ என்று எண்ணிக்கொண்டே வெட்டினேன்,
மூன்றாவது சாலில் எண்ணுவதை விட்டேன்.
வேரோடு பிடுங்கிய செடியை
வரப்பின் மேலேயே போட்டு மிதித்தேன், கரைக்கு ஆயிற்று.

அவர் மண்வெட்டி எடுக்கவில்லை.
உதவி என்றும் சொல்லவில்லை.
வரப்பின் மேல் என்னோடு நடந்து வந்தார்,
நான் வெட்டுகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால்
டார்ச்சைப் பிடித்தபடி.
பேட்டரி மங்கியபோது தட்டினார். எரிந்தது.
மறுபடி தட்டினார்.

நாலு மணி இருக்கும்.
கடைசிக் கொத்துக்கு ஓடைக்கரை இடிந்து
தண்ணீர் தலையைத் திருப்பிப் பார்த்தது,
பிறகு போயிற்று.
ஆறு சால் இருந்த இடத்தில் ஆறு.
கயாதுவுக்குப் போய்ச் சேரட்டும்.

காலையில் காப்பீட்டுக்குப் படம் எடுக்க வேண்டும்.
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்,
வயலில் நின்று, செயலியில்.
போன் என் ஈர விரலை
யாரென்று தெரியாது என்றது.
துடைக்க என்னிடம் உலர்ந்த துணி ஏதுமில்லை.
நிவ்ருத்திராவ் தொப்பியைக் கழற்றி
உள்பக்கத்தால் திரையைத் துடைத்துக் கொடுத்தார்.
‘கேசர்பாய், சீக்கிரம். ஒரு புள்ளி சிக்னல் இருக்கு.’

இழப்புக்குக் காரணம் கேட்டது.
வறட்சி, பூச்சி, ஆலங்கட்டி, தேங்கிய நீர்.
தானே வெட்டியது என்று ஒன்று இல்லை.
தேங்கிய நீரைத் தொட்டேன்.

ஏற்றிய படத்தில், இடது ஓரத்தில்,
அது ஓடிக்கொண்டிருக்கிறது.