கால்தான் ஜூம்

நரந்தூல் சந்தை, சனிக்கிழமை.
கம்பளிக் காலுறைக் கடைக்கும்
பூட்டு ரிப்பேர்காரனுக்கும் நடுவே
ஒரு மடக்கு மேசை, அதன்மேல்
பதினொரு கேமரா. ஒன்றுக்கும் மூடி இல்லை.
கையுறையைக் கழற்றினால்தான் தொடலாம் என்றான்
தவாசம்பு.
கழற்றினேன். உலோகம் தோலைக் கவ்வியது.

நான் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
நாளுக்கு ஒன்பது மணி நேரம்
ஒரே கண்ணாடி வழியே ஒரே உலான்பத்தார்.
ஏதாவது ஒன்றை நிறுத்திப் பார்க்க ஆசை வரும்.
பஸ்ஸை நிறுத்த அனுமதி இல்லை.

நான்கு மாதம் ராத்தூக்கம் கெட்டு ஒப்பிட்டேன்:
இதில் சென்சார் பெரிது, ஆனால் கனம்.
அதில் கனமில்லை, ஆனால் இருட்டில் பொரிபொரியாய் வரும்.
பணிமனையில் சோலோங்கோ தீர்ப்புச் சொன்னாள்:
"வாங்கினால் எழுபது–இருநூறு வாங்கு,
இல்லையேல் ஃபோன் போதும்."
அவளிடம் அது இருக்கிறது, பீரோவின் மேல்.
குதிரைப் பந்தயத்தில் ஒரே ஒரு நாள் எடுத்தாள்.
குதிரைகள் நன்றாகவே விழுந்திருந்தன.
அந்த லென்ஸ் எனக்கு நான்கு மாதச் சம்பளம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சொல்லிப் பார்த்தேன்.
பொறாமை போகவில்லை.

கைக்கு வந்தது ஐம்பது மில்லிமீட்டர்.
முன்கண்ணாடியில் நகம் கிழித்தாற்போல் ஒரு கோடு.
"படத்தில் தெரியுமா?"
"வெயிலுக்கு எதிரே நின்றால் தெரியும்."
"இந்தப் புகையில் வெயிலுக்கு எங்கே போவேன்?"
சிரித்தான். பத்தாயிரம் துக்ரிக் குறைத்தான்.

எண் சிறுத்தால் துளை பெருக்கும்.
எவன் வைத்த கணக்கோ,
மண்டையில் ஏற ஒரு வாரம் ஆயிற்று.
கடைசியில் என் பஸ் கதவிடம் கேட்டேன்:
நெரிசல் நேரம் என்றால் இரண்டு, அகலத் திற.
கடைசி நடை என்றால் பதினாறு,
ஒற்றை ஆள் ஒருக்களித்து ஏறினால் போதும்.

மைனஸ் முப்பத்திரண்டில்
பேட்டரி மூன்று படத்துக்கு மேல் மூச்சு விடாது.
கேமராவில் ஒன்று, அக்குளில் ஒன்று,
மாற்றி மாற்றி அடைகாக்கிறேன்.
வீட்டுக்குள் நுழையுமுன்
ரொட்டி வந்த பாலித்தீன் பையில் கேமராவை முடிந்துவிட வேண்டும்.
முதல் நாள் தெரியாது.
உள்ளே வேர்த்துப்போய்
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த லென்ஸ் நீளாது, சுருங்காது.
கிட்டே வேண்டுமா, கிட்டே போ.
இருபது வருஷம் உட்கார்ந்தே பழகிய முழங்கால்கள்
இப்போது வாய்விட்டுத் திட்டுகின்றன.

இடைவேளை முப்பது நிமிடம்.
முனையத்துக்குப் பின்னே கரிக்கட்டி மூட்டை விற்பவளிடம்
பத்தடி, ஆறடி, நான்கடி என்று நெருங்கினேன்.
"நகராட்சியா?"
"இல்லை. பழகுகிறேன்."
"அதற்கு நான்தான் கிடைத்தேனா?"
என்றவள் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நிமிர்ந்தாள்.
துளையை முழுக்கத் திறந்திருந்தேன்.
முகம் பூராவும் மங்கல்.
மூட்டை வாயில் போட்ட முடிச்சு மட்டும்
நார் நாராகத் துல்லியம்.
அழிக்க விரல் போவதற்குள்
பேட்டரி செத்தது.

மறுநாள் திரையில் காட்டினேன்.
மன்னிப்பு நாக்கு நுனியில் இருந்தது.
கரி அப்பிய கட்டைவிரலால்
திரையையே துடைத்து, இன்னும் கறுப்பாக்கி,
வெகுநேரம் பார்த்தாள்.

"என் முடிச்சுதான்," என்றாள் ஓதோன்சிமெக்.
"இடதுபக்கமாய்ச் சுற்றுவது இங்கே நான் ஒருத்திதான்.
சரி, முகத்துக்கு இன்னொன்று எடு."

முப்பதில் இருபத்தாறு நிமிடம் போய்விட்டது.
அக்குளுக்குள் கையை விட்டேன்.