ரிவர்ஸ் கம்பி

சுங்கை சிப்புட், வியாழக்கிழமை பசார் மாலாம்.
பதினெட்டு வெள்ளி.
டிவியில் குத்தினால் போதும், ஐம்பது விளையாட்டு
என்றான் விற்றவன்.
வீட்டில் எண்ணிப் பார்த்தோம், பதினொன்று.
மற்றதெல்லாம் அதே கப்பல், வேறு வேறு நிறம்.

நாலாம் நாள் சுடும் பொத்தான் செத்தது.
தர்வின் அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நின்றான்,
பல்வலிக்காரன் நிற்பதுபோல.

ஐந்து திருகு.
உள்ளே தீப்பெட்டி அளவு பச்சைப் பலகை,
நடுவில் தார் சொட்டி உறைந்த மாதிரி ஒரு கறுப்பு.
பதினொரு விளையாட்டும் அந்தச் சொட்டுக்கடியில்தான்.

ஈப்போ ஃபாக்டரியில் நான் ஒரு ஷிப்டுக்கு
ஆயிரத்து நானூறு புள்ளி ஈயம் வைக்கிறேன்.
ஒன்பது வருஷமாக ஒரே புள்ளி:
மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது.
பலகை காருக்குள் போகிறதோ
யார் நெஞ்சுக்குள் போகிறதோ,
சொன்னதில்லை. கேட்டதுமில்லை.

இதில் தெரிகிறது.
இந்தக் கம்பி தொட்டால் கப்பல் ஏறும்,
இது தொட்டால் சுடும்.

போன தேர்தலில் நட்டுப் பிடுங்காமல் போன பலகையை
அறுத்துப் பெட்டி செய்தேன்.
வேட்பாளரின் ஒரு காதும்
'சேவை' என்பதில் பாதியும் உட்பக்கம் போயின.
பொத்தான்கள், வாசல் மணிக்கு விற்பவை,
ஒன்று இரண்டு வெள்ளி எண்பது.
செத்த மைக்ரோவேவ் இரண்டின் கதவிலிருந்து
நாலு குட்டி சுவிட்ச்.
பிடிக்குத் தம்பியின் கஞ்சில் கியர் குமிழ்;
எண்களெல்லாம் தேய்ந்து
ஆர் மட்டும் புதிதாக இருந்தது.
(அவன் எப்படி ஓட்டினான் என்று இப்போது புரிகிறது.)
திரை, ஆ லெக் பட்டறையில் கழற்றிப் போட்ட
ரிவர்ஸ் கேமரா டிவி.
அதற்குப் பன்னிரண்டு வோல்ட், சொட்டுக்கு ஐந்து.
மாறிப் போனால் பதினொன்றும் வெந்துவிடும்.

ஃபாக்டரி பஸ் இறக்கிவிட்டபின் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து
மூன்றாம் ராத்திரி முடித்தேன்.
இடது தள்ளினேன்.
கப்பல் வலது போனது.

கழற்றினேன். கம்பிகளை விரலால் தொட்டுத் தொட்டு
மூன்று முறை பார்த்தேன்.
கியூசி கக் ரோஹானா இருந்தால்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
மஞ்சள் தட்டில் எறிந்திருப்பார்.
எல்லாம் சரியாகவே இருந்தது.
அழுகை வரும்போல் இருந்தபோதுதான்
மேலே புள்ளிக் கணக்கில் ஒரு 7
முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்தேன்.

மறுநாள் ஆ லெக் சிரித்தார்.
பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி காட்டும் டிவி அது.
ரிவர்ஸ் கம்பி ஒன்று தனியாக இருக்கிறது,
பிடுங்கிவிட்டால் நேராகிவிடும்.

கட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.
வாசலில் ஆறு ஜோடி சிலிப்பர்.
போன் விளையாட்டில் யாரையும் விடாத யுவனேஷ்
ஒன்பது நொடியில் செத்துக்கொண்டிருந்தான்,
மறுபடி செத்தான், மறுபடி.
பக்கத்து வீட்டு மைசாரா, ஏழு வயசு,
இடது எதுவென்றே இன்னும் நிச்சயமில்லாதவள்,
நாலாவது கட்டத்தில் இருந்தாள்.

கட்டரை அரிசி டின் மேல் வைத்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஷிப்டில்
இது எதற்குள் போகிறது கக், என்று கேட்டேன்.
அவர் பலகையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.
பதினேழு வருஷம், என்றார்.
அதற்குள் என் முன்னால் நாலு பலகை தேங்கிவிட்டது.

அணைத்தால் பெட்டிக்குக் கணக்கு மறந்துபோகும்.
அதனால் தர்வின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிவைக்கிறான்,
திரையில் தெரிகிற மாதிரியே,
ஒவ்வொரு எண்ணையும் புரட்டிப் போட்டு.
மைசாராதான் முதலிடம்.
படிக்கக் கண்ணாடி வேண்டும்.