செகண்ட்ஸ்

காலை எட்டரையிலிருந்து
ட்யூப்லைட் மேஜைமேல் பனியனை விரித்து
குறை தேடுவது என் வேலை.
உடம்பு ஒரு பச்சை, கை ஒரு பச்சை என்றால்
சிவப்பு அம்பு ஒட்டி
அக்கட்டால தள்ளிவிடுவேன்.
கட்டுக்கட்டாய் அது காதர்பேட்டைக்குப் போகும்.

சாயந்தரம், அனுப்பர்பாளையம் மூணாவது மாடியில்,
அதே கண்ணால் வேறொன்று தேடுகிறேன்:
வெள்ளை வந்திருக்கா?

ஒரு கணு, ஒரு வேர்மொட்டு, எண்ணூறு ரூபாய்.
கோயமுத்தூரிலிருந்து ஈரப் பஞ்சு சுற்றி
பஸ் பார்சலில் வந்தது.
வீட்டுக்காரர் விலை கேட்டார்.
நூத்தியிருபது என்றேன்.

போர் தண்ணி ஊற்றினேன், இலை நுனி பொரிந்தது.
குழாயே உப்பில் வெளுத்துப்போகிற ஊர் இது.
இப்போது ஆபீஸ் ஏசி சொட்டுவதை
பாட்டிலில் பிடித்து, சாப்பாட்டுக் கூடையில் ஒளித்து
கொண்டுவருகிறேன்.
தென்னைநார் சுற்றிய பிளாஸ்டிக் குழாயில்
ஏறுகிறது, மாசத்துக்கு ஒரு கணு.
ஆடிக் காத்துக்கு ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தணும்.
சுருள் பிரியும்போது கை வைக்கக்கூடாது.
நான் வைத்தேன். கிழிந்தது.

டையிங் லோகுமணி ஒருநாள்
இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதுக்கு ஷேடு கார்டே போட முடியாதுங்க்கா,
எலைக்கு எலை வேற லாட்டு."

ஆவணியில் அடியிலிருந்து
முழுப் பச்சையாய் ஒரு கிளை கிளம்பியது.
வாரம் ஓர் இலை, கொழுகொழுவென்று.
விட்டால் வெள்ளையை விழுங்கிவிடும்.
வெள்ளைக்கோ ஆக்கத் தெரியாது,
பச்சை ஆக்கிப் போட்டுத்தான் அது தின்கிறது.
தெரியும்.
தெரிந்தேதான் கத்தரிக்கோலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

குப்பையில் போட மனசில்லை.
அயர்ன் செக்‌ஷன் நாச்சிமுத்து
"சும்மா குடுங்" என்று வாங்கிப்போய்
ஊறுகாய் பாட்டிலில் வைத்தார்.
போர் தண்ணியில்தான்.

மூணே மாசம்.
ஸ்டீம் குழாய்க்கு ஒதுங்கி,
மீட்டர் பெட்டியைச் சுற்றி வளைத்து
ஜன்னல் கம்பியில் கை போட்டு நிற்கிறது.
அதற்காக யாரும்
கூடையில் தண்ணி கடத்தவில்லை.

இன்றைக்கு என்னுடையது ஓர் இலை விரித்திருக்கிறது.
பால் மாதிரி, முழு வெள்ளை.
எதிர்வீட்டு சுகந்தி போட்டோ எடுத்துப்போனாள்,
"குடுத்து வெச்சவங்க்கா நீங்க."
நான் இன்னும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து,
பின்புறம், காம்போரம், நரம்பு நரம்பாய்ப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
எங்கேயாவது ஒரு பச்சைக் கறை.