உலைமூடி

ஒரு வாய்க்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு. பிறகு மணி.
மணி என் கையில்.
நகராட்சியில் எழுத்தர் வேலை எனக்கு,
இன்றிரவு மட்டும் காலனுக்குப் பதில் ஆள்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
கர்லிங் மன்றத்தின் மேல்மாடி.
கீழே பனித்தரையில் கல் வழுக்கிப்போகும் ஓசை
பலகை வழியே பாதங்களுக்கு ஏறுகிறது.
சுப்பீரியர் ஏரி இருட்டில் எங்கோ கிடக்கிறது.
சுவரில் அது நீலம், ஓரத்தில், அளவுகோலுடன்.

துத்தநாக உருக்காலை.
நூற்று நாற்பது வேலை.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை,
நூலகத்தில் ஒரே பிரதி, இரவல் இல்லை.

நிறுவனத்திலிருந்து வந்தவள்
நல்லவளாகத்தான் தெரிந்தாள்.
தொண்டை கட்டியிருந்தது அவளுக்கு,
இருமல் மிட்டாய் கொடுத்தேன்.
"உலைக்கு மூடி உண்டு," என்றாள்.
"தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு சதவீதம் பிடித்துவிடும்."
மிச்சம்?
"பரவும்."
அழகான வினைச்சொல்.
புகழும் பரவும், பூவாசமும் பரவும்.

முதலில் கைல் ட்ரெம்ப்ளே.
காகித ஆலை மூடியதிலிருந்து
பதினான்கு நாள் அல்பெர்ட்டாவில், ஏழு நாள் வீட்டில்.
மகளின் முதல் பல் விழுந்ததை
போன் திரையில் பார்த்தவன்.
"தூசியை நானே துடைத்துக்கொள்கிறேன்," என்றான்.
"துடைக்க நான் வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்."
விளக்கு பச்சையாகவே இருந்தது,
உட்கார்ந்துவிட்டான்.
யாரும் கைதட்டவில்லை. முணுமுணுக்கவுமில்லை.

அடுத்து ஐலா லெஹ்டினன்.
வெண்மீனைப் புகையில் வாட்டி விற்பவள்.
"புகையைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள்,
முப்பது வருடமாக அதில்தான் என் சோறு.
மேப்பிள் புகை மீனுக்குள் இறங்க ஆறு மணி நேரம்.
உங்கள் புகை இறங்க எத்தனை வருடம்?
இறங்கியபின் அந்த மீனை
எந்த விலைக்கு நான் விற்க?"
சிவப்பு.
அவள் நிறுத்தவில்லை.
அடித்தேன்.
கதவு தானே சாத்திக்கொண்டால் பார்ப்போமே,
அப்படிப் பார்த்தாள் என்னை.

லோரெய்ன் ஒலிவாங்கியைத் தொடவேயில்லை.
"இது பொதுமக்களைக் கேட்கும் கூட்டம்.
எங்கள் மக்களைக் கேட்கும் மேசை வேறு.
அதற்கு இன்னும் நாற்காலி போடவில்லை
என்று குறித்துக்கொள்ளுங்கள்."
பன்னிரண்டு வினாடி.
மணிக்கு வேலையில்லை.

குறித்துக்கொண்டேன்.
கணினியில் ஆறு கட்டங்கள்:
சத்தம், தூசி, லாரி, நீர், வேலை, மற்றவை.
கைல் 'வேலை'யில் அடங்கினான்,
மகளின் பல் அடங்கவில்லை.
ஐலாவின் மீனைப் பாதி தூசியிலும் பாதி நீரிலும் போட்டேன்.
போடப்படாத நாற்காலி 'மற்றவை'யில்.
பத்து மணிக்கு 'மற்றவை'தான்
எல்லாவற்றிலும் நீளம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள் எங்கள் ஆட்கள்.
இருக்கிறது.
பித்தளை. உள்ளங்கை அகலம்.
ஏதோ விடுதி வரவேற்பில் முன்பு இருந்ததாம்.

என் தெருவைச் சொல்லவில்லையே.
வரைபடத்தில் பாதிப்பு எல்லையை
ஒரு சிவப்புக் கோடு காட்டுகிறது.
உள்ளே இருப்பவர்களுக்கு இழப்பீடு,
வெளியே இருப்பவர்களுக்கு வாழ்த்து.
எங்கள் வீடு
அந்தக் கோட்டின் தடிப்புக்குள் இருக்கிறது.
ஊழியர்கள் கருத்துச் சொல்லலாகாது என்று
திங்கட்கிழமையே கடிதம் வந்துவிட்டது,
தட்டச்சு செய்தது நான்.

நாற்காலிகளை மடித்துவிட்டு இறங்கினால்
நிறுவனத்துப் பெண்ணின் வாடகைக் கார் கிளம்பவில்லை.
கைல் கம்பி கொண்டுவந்தான்.
ஐலா தன் வண்டியை மூக்கோடு மூக்காக நிறுத்தினாள்.
இருமி, இன்னொருமுறை இருமி,
என்ஜின் உயிர்பெற்றது.
வெள்ளைப் புகை நேராக எழுந்தது,
விளக்குக் கம்பத்தின் உயரத்தில் கொஞ்சம் யோசித்தது,
பிறகு வளைந்தது.

குளிர்காலக் காற்று ஏரிப்பக்கம் போகும்,
அறிக்கை, பக்கம் இருநூற்று ஆறு.
வளைந்தது எங்கள் தெருப்பக்கம்.
நால்வரும் பார்த்தோம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை;
நேரம் முடிந்திருந்தது.

கோட்டுப் பையில் கைவிட்டால் மணி.
திருப்பி வைக்க மறந்திருக்கிறேன்.
உறைந்த பனியில் ஒவ்வோர் அடிக்கும்,
யாரும் அடிக்காமலே,
வீடு வரைக்கும்
அது அடித்துக்கொண்டே வந்தது.