விறகுக்கு எவ்வளவு

கொட்டகலையில், கூட்டுறவுக் கடைக்கு மேல்மாடியில்
மூன்று நாள் பயிற்சி.
ஒரு கொப்பி, ஒரு நீலப் பேனை,
பத்து மணிக்குப் பணிசும் பிளேன்டீயும்.
சொல்லித்தர வந்த யூஜின் மாத்தளைக்காரர்.
என் மூத்தவனைவிட நாலு வயது கூட இருக்கலாம்.
மின்சாரம் போனதும் சுவரில் இருந்த படமெல்லாம் போயிற்று.
"பரவாயில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அம்பிகாவதிக்குத் தையல்.
ரிஸானாவுக்குக் கோழி, ஐம்பது குஞ்சு.
சந்தனமேரி இன்னும் யோசிக்கவில்லை,
கொழும்பு வீட்டு வேலையை விட்டு வந்து
ஒன்பது நாள்தான் ஆகிறது.
நான் ரொட்டி என்றேன்.
சந்தியில் ஆட்டோக்காரர்களுக்கு, விடிய ஐந்தரைக்கு,
கட்டச்சம்பலோடு.

செலவை எழுதச் சொன்னார்.
கோதுமை மா. தேங்காய். உப்பு. செத்தல் மிளகாய்.
சுற்றிக் கொடுக்கத் தாள்.

"விறகு?"
விறகு சும்மாதான் சார்,
கவ்வாத்து மலையில் கிடக்கும்.
"யார் பொறுக்குவது?"
நான்தான்.
"எவ்வளவு நேரம்?"
போக ஒரு மணித்தியாலம், வர ஒன்று, கட்ட அரை.
மழை என்றால் கணக்கில்லை.
"சரி, அதற்கு என்ன போட்டீர்கள்?"

பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப் பேர்.
மடுவத்தில் தராசு முள் நிற்கும் முன்பே
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று
கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார்.
இருபத்திரண்டு வருடம்
என் பேரை இன்னொருவர்தான் போட்டார்.
அந்த அரைகளுக்குள்ளும்
முழு நாளும் நனைந்தவள் நான்.

இப்போது பேனை என் கையில்.
ஒரு நாளுக்கு ஐந்நூறு என்று எழுதினேன்.
வெட்டினேன். அறுநூறு.
அம்பிகாவதி எட்டிப் பார்த்தாள்.
"ஏன்டி, ஒனக்கு நீயே அரைப் பேரா?"

இரண்டாம் நாள் கடன்.
"கடன் கொடுக்காதீர்கள்" என்று
ஒரே வரியில் முடித்துவிட்டார்.
எங்கள் லயத்தில் மாதம் பத்தாம் தேதிதான் பிறக்கும்.
நாத்தனார் வந்து நாலு ரொட்டி கேட்டால்
எந்த முகத்தோடு காசு கேட்பது சார்?
யூஜின் தலையைச் சொறிந்தார்.
அவருடைய அம்மாவும் ஒரு சில்லறைக் கடை வைத்து
அப்படித்தான் மூடினாராம்.
பாடத்தில் அது இல்லை.
ரிஸானாதான் சொன்னாள்:
"குடுங்க. ஆனா கொப்பியில எழுதாதீங்க.
அடுப்புப் பக்கத்துச் சுவத்துல கரியால எழுதுங்க,
வர்றவங்க எல்லாரும் வாசிக்கட்டும்."
இவளுக்குக் கோழி நன்றாக வளரும்.

மூன்றாம் நாள் கூட்டிப் பார்த்தேன்.
என் பேரை முழுதாய்ப் போட்டால்
ரொட்டி எழுபது ரூபாய்.
சந்திக் கடையில் அறுபது.
ரொட்டியைச் சிறிதாக்கலாம், தேங்காயைக் குறைக்கலாம்
என்று ஆளுக்கொரு யோசனை.
நான் பேசவில்லை.
அந்தப் பத்து ரூபாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முதல் தடவையாக என்னை
வெளியே வைத்துப் பார்த்தது போல.

சான்றிதழில் என் பெயரைப் பிழையாய் அடித்திருந்தார்கள்.
பூங்காவனம், பூங்கவனம் ஆகியிருந்தது.
ஒரு கால் குறைந்தாலும் ரொட்டி வேகும் என்று
வாங்கி மடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை. சந்தியில் பனி இன்னும் எழும்பவில்லை.
முதலில் வந்தது டிக்கோயாப் பக்கத்துப் பையன்,
ஆட்டோவை நிறுத்தாமலே
கையை நீட்டினான்.
"எழுபதா? ஏன்க்கா பத்து கூட?"

விறகுக்கு என்றேன்.

அவன் அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சம்பல் கொஞ்சம் கூடப் போடச் சொன்னான்.

நாற்பது சுட்டேன். முப்பத்தொன்று விற்றது.
பிள்ளைகள் தின்றது மூன்று,
நாத்தனாருக்கு நாலு, சுவரில் இருக்கிறது.
கருகினது இரண்டு.
அதையும் எழுதினேன்.