வேறு சொல் இல்லை

போ ஆறு வற்றிய அக்டோபரில்
சேற்றிலிருந்து தலை நீட்டியது
பழைய போரின் குண்டு.
ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம்
ஊரே பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில்.

எங்கள் இத்தாலியனில் போர் மூள்வதில்லை, வெடிக்கிறது.
அழுகை பீறிடுவதில்லை, அதுவும் வெடிக்கிறது.
மலையேற்றத்தில் மூச்சு தீர்ந்து
சைக்கிளை உருட்டி வருபவனை
வெடித்துவிட்டான் என்போம்.
கொழுகொழு பிள்ளையைக் கொஞ்சும்போதும்
ஆரோக்கியத்தில் வெடிக்கிறானே!

இன்று மட்டும் அந்தச் சொல்லை
யாரும் வாயில் போடவில்லை.
இரண்டாம் தட்டையும் வழித்த ஒரெஸ்தே
வயிற்றைத் தடவி, "வெடி..." என்று தொடங்கி
"நிறைஞ்சுபோச்சு" என்று முடித்தான்.

வாசலில் எர்மேஸ் செஸ்நட் வறுத்தான்.
ஒவ்வொன்றின் முதுகிலும் கத்தியால் ஒரு கீறல்.
ஒன்றுக்கு மறந்துவிட்டான்.

டப்.

முந்நூறு பேரும் குனிந்தோம்.
பாதிரியார் மேசைக்கடியில்.
வேலித் தகராறில் ஆறு வருடமாய்
என்னோடு பேசாத ஃபெதோரா
என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்,
விரலெல்லாம் ரொட்டித்தூள்.

கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடவில்லை.
வாணலியில் பிளந்து கிடந்தது
மஞ்சள் பருப்பு.

முதலில் அவள்தான் சிரித்தாள்.
அந்தச் சிரிப்புக்கு
எங்களிடம் வேறு சொல் இல்லை.